வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பவிருக்கும் உறவுகளுக்கு: புறப்படுமுன் முடிக்கவேண்டிய ஆவணங்கள்

மாங்கேணி, காயங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி உள்ளிட்ட கோறளைப்பற்று வடக்குக் கிராமங்களிலிருந்து கட்டாருக்கும் சவூதி அரேபியாவுக்கும் குவைத்துக்கும் அமீரகத்துக்கும் ஓமானுக்கும் தொழிலுக்காகச் சென்று, இனி ஊரோடு இருந்துவிடுவதென்று முடிவெடுத்திருக்கும் உறவுகள் அனைவருக்கும்,

வளைகுடா நாடொன்றில் தொழில் புரியும் வெளிநாட்டவர் ஒருவரின் சட்டப்படியான இருப்பு முழுவதும், பேச்சுவழக்கில் அக்காமா எனப்படும் வதிவிட அனுமதியின் மீதே நிற்கிறது. கபீல் என்று அழைக்கப்படும் பொறுப்பாளரின், அதாவது தொழில் வழங்குநரின், பெயரோடு பிணைத்தே அது வழங்கப்படுகிறது. வங்கிக் கணக்கு, தொலைபேசி இணைப்பு, வைத்தியசாலைப் பதிவு, தொழில் முறைப்பாடு ஆகிய எல்லாம் அதன் இலக்கத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. இறுதி வெளியேற்ற அனுமதியோடு விமான நிலையத்தைக் கடந்ததும் அந்த இலக்கம் செயலிழந்துவிடுவதால், அதைக் கொண்டு அங்கே இலகுவாகப் பெறக்கூடியதாயிருந்த பத்திரம் ஒவ்வொன்றும், ஊர் வந்தபின் பெரும் செலவோடும் பிறர் தயவோடும் தேடவேண்டிய ஒன்றாகிவிடுகிறது. இம்மடல் சொல்லவருவது அடிப்படையில் இதைத்தான்: பத்திரங்களைத் தேடும் காலம் அனுமதி செல்லுபடியாகும் காலமே தவிர, ஊர் வந்து சேர்ந்த பின்னரான காலம் அன்று.

அண்மைக் காலத்தில் இந்நிலை மேலும் இறுகியிருக்கிறது. சவூதியின் அப்ஷர், கட்டாரின் மெத்ராஷ் போன்ற அரச செயலிகளுக்குள் நுழைவதற்கான இரகசிய இலக்கம் அந்நாட்டுச் சிம் அட்டைக்கே குறுஞ்செய்தியாக வருகிறது. சிம் அட்டையோ வதிவிட அனுமதியின் பெயரில் பதிவானது. ஆகவே, ஒப்பந்தப் பிரதி, வதிவிட அனுமதியின் இரு பக்கப் பிரதிகள், சம்பளம் வைப்பிலிடப்பட்ட வங்கிக் கூற்று, வெளியேற்ற அனுமதியின் பிரதி ஆகியவற்றைப் பதிவிறக்கி, அச்சிட்டு, வீட்டார் ஒருவரின் தொலைபேசிக்கும் அனுப்பிவைத்த பின்னரே தொலைபேசி இணைப்பைத் துண்டிக்கவேண்டும்.

பத்திரம் தொலைவதென்றால் என்னவென்பதை இப்பகுதி மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையாக வந்த கடல் இக்கரையோரத்து வீடுகளோடு பிறப்புச் சான்றிதழ்களையும் காணிப் பத்திரங்களையும் கொண்டுபோனது. 2006 இன் பிற்பகுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் போரால் நிகழ்ந்த இடப்பெயர்வில், மிஞ்சியவையும் பலருக்குக் கைநழுவின. அதன் பின்னர் காலங்கடந்த பிறப்புப் பதிவின் மூலமும், பிறப்புப் பதிவே கண்டுபிடிக்க முடியாதோருக்கு வழங்கப்படும் உத்தேச வயதுச் சான்றிதழின் மூலமும் புதிய பத்திரங்களைப் பெற்றவர்கள் இங்கு ஏராளம். அவ்வாறு மீண்டும் எழுதப்பட்ட பத்திரங்களில் பெயரின் எழுத்தோ பிறந்த திகதியோ தந்தையின் பெயரோ சிறிது மாறியிருப்பது அரிதன்று. அந்தச் சிறு மாற்றமே வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் இடையே முரணாகத் தலைதூக்குகிறது.

கடவுச்சீட்டிலுள்ள ஒரு சிறு முத்திரையின் பெறுமதியை 1990 ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது, அங்கிருந்த இலங்கையர் பல்லாயிரக்கணக்கில் சம்பளத்தையும் சேமிப்பையும் விட்டுவிட்டு வெளியேறினர். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் 687 ஆம் இலக்கத் தீர்மானத்தின் வழியே 1991 இல் அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணைக்குழு, 1990 ஆகஸ்ட் 2 க்கும் 1991 மார்ச் 2 க்கும் இடையில் குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்த தனிநபருக்கு 2,500 அல்லது 4,000 அமெரிக்க டொலர் என்ற நிலையான தொகையை வழங்கியது. அதைப் பெறுவதற்கு வெளியேறியதையும் வெளியேறிய திகதியையும் காட்டும் எளிய ஆதாரம் போதுமானதாயிருந்தது. ஆனால் அதற்கு மேல் சம்பளப் பாக்கியையோ வங்கி வைப்பையோ கோரியவர்களிடம் இழப்பின் தொகைக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ற சான்றுகள் கேட்கப்பட்டன. ஓடித் தப்பியவர்களிடம் சம்பளச் சீட்டு இருக்குமென்று எதிர்பார்ப்பது கொடுமையே. எனினும் அமைதியான காலத்தில், மூன்று மாத அவகாசத்தோடு திரும்புகிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை என்பதால், அவர் வெறுங்கையோடு வரவேண்டிய அவசியமும் இல்லை.

திரும்புவோர் அதிகமாக இழப்பது சேவைமுடிவுக் கொடுப்பனவையே. ஒரு தொழிலாளி பணியிலிருந்து விலகும்போது அவரது சேவைக்காலத்துக்கு ஏற்பத் தொழில் வழங்குநர் மொத்தமாக வழங்கவேண்டிய இத்தொகை சலுகையன்று, சட்டக் கடமை. சவூதித் தொழிற் சட்டத்தின்படி முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளமும் கணக்கிடப்படுகின்றன. எட்டு ஆண்டுகள் பணியாற்றி, இறுதியாக 1,500 ரியால் பெற்ற ஒருவருக்கு ஐந்தரை மாதச் சம்பளமாகிய 8,250 ரியால் உரியது. அவர் தாமே விலகினால், ஐந்து முதல் பத்து ஆண்டு வரையான சேவைக்கு மூன்றில் இரண்டு பங்கு என்ற விதிப்படி 5,500 ரியால் கிடைக்கும், பத்து ஆண்டுகள் நிறைந்திருந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். வீட்டுப் பணியாளர்கள் பொதுத் தொழிற் சட்டங்களின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தாலும், குவைத்தின் 2015 ஆம் ஆண்டு 68 ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளத்தையும், கட்டாரின் 2017 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கச் சட்டம் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளத்தையும் உறுதிசெய்கின்றன. வீட்டு வேலைக்குச் சென்ற பெண்களுள் இப்படியொரு தொகை தமக்கு உரியதென்பதை அறியாமலே விமானம் ஏறியவர்கள் பலர் என்பது மிகுந்த வேதனைக்குரியது.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் அவசியமாகின்றன. முதலாவது, பயணச்சீட்டைக் கையளிக்கும் நேரத்தில் அரபு மொழியில் எழுதப்பட்ட ஒரு தாளில் கையொப்பம் கேட்கப்படுவது பற்றியது. எல்லாப் பாக்கிகளும் தீர்க்கப்பட்டுவிட்டன என்று அத்தாள் சொல்லக்கூடும். பணம் கைக்கோ கணக்குக்கோ வருமுன் அதில் இடப்படும் கையொப்பம், பின்னர் எந்த முறைப்பாட்டையும் முறியடிக்கப் போதுமானது. வாசித்துக் காட்ட நம்பகமான ஒருவர் கிடைக்கும்வரை கையொப்பத்தைத் தாமதப்படுத்துவது தொழிலாளியின் உரிமை. இரண்டாவது, விடுமுறையில் வந்து அப்படியே தங்கிவிடும் வழக்கம் பற்றியது. விடுமுறைக்கு வழங்கப்படுவது மீள்நுழைவு அனுமதி. இறுதியாகப் புறப்படுவோருக்கு வழங்கப்படுவது இறுதி வெளியேற்ற அனுமதி, அதாவது தொழிலாளர் பேச்சில் பைனல் எக்சிட். முன்னையதோடு வந்து திரும்பிச் செல்லாதவரின் சேவைக் கணக்கு முடிக்கப்படாமலே தொங்குவதோடு, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டவராகவும் பதியப்படக்கூடும். சவூதியில் இறுதி வெளியேற்ற விசா கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் புறப்பட்டாக வேண்டுமென்பதால், கணக்குத் தீர்வு அதற்கு முன்னரே தொடங்கப்படவேண்டும். கட்டாரில் 2018 இலும் 2020 இலும் செய்யப்பட்ட திருத்தங்களின் பின் பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறுவதற்குப் பொறுப்பாளரின் அனுமதி தேவையில்லை. வீட்டுப் பணியாளர் மட்டும் 72 மணிநேரத்துக்கு முன்னர் அறிவிக்கவேண்டும்.

பொறுப்பாளரை விட்டு விலகியவராக முறைப்பாடு செய்யப்பட்டவர், சவூதி வழக்கில் ஹுரூப் விழுந்தவர், செய்யவேண்டியது வேறு. தன்மீது அப்படியொரு பதிவு இருக்கிறதா, வங்கிக் கடனோ தொலைபேசிக் கட்டணமோ காரணமாகப் பயணத் தடை விதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அரச செயலியிலோ தூதரகத்தின் தொழிற் பிரிவிலோ முதலில் அறிந்துகொள்ளவேண்டும். விமான நிலையத்தில் அறிவது மிகத் தாமதமான அறிவு. 2024 இல் குவைத் மார்ச் முதல் ஜூன் வரையும், அமீரகம் செப்டெம்பர் முதல் டிசம்பர் வரையும் பொதுமன்னிப்புக் காலம் அறிவித்து, அனுமதி காலாவதியானோர் தண்டப்பணமின்றி வெளியேற இடமளித்தன. அத்தகைய காலங்கள் எப்போதும் வருவதில்லை என்பதால், வரும்போது முதல் வாரத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது. கடவுச்சீட்டைப் பொறுப்பாளர் வைத்துக்கொண்டிருப்பாராயின், அது கட்டாரின் 2015 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்ட செயல் என்பதைச் சுட்டி முறைப்பாடு செய்யலாம். எவ்வழியும் பலிக்காதபோது தூதரகம் வழங்கும் ஒருவழிப் பயண ஆவணமே அவுட்பாஸ். அது ஊர் சேர்க்குமேயன்றி, பாக்கிச் சம்பளத்தையோ தொலைந்த கடவுச்சீட்டையோ மீட்டுத் தராது.

பிள்ளைகளின் பத்திரம் இம்மடலில் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானது. வளைகுடா நாடுகளில் பிறப்பதனால் எவருக்கும் அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பதில்லை. இலங்கையின் 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவோ, வெளிநாட்டில் இலங்கையருக்குப் பிறந்த பிள்ளை வம்சாவழியால் பிரசையாவதற்கு, பிறந்து ஓராண்டுக்குள் தூதரகத்திலோ அமைச்சின் அலுவலகத்திலோ பதிவுசெய்யப்படவேண்டுமென்று நிபந்தனை விதிக்கிறது. அதற்குப் பின் உரிய காரணம் காட்டி அமைச்சரின் இணக்கத்தைப் பெறவேண்டும். ஆகவே பதிவு செய்யப்படாத குழந்தை, பெற்றோர் இருவரும் இலங்கையராயிருந்தும், இரண்டு நாடுகளின் ஏடுகளிலும் இல்லாத குழந்தையாகிவிடுகிறது. அடையாள அட்டை பெறும் பதினைந்து பதினாறு வயதில் அப்பிள்ளை தான் எந்நாட்டவர் என்பதை நிரூபிக்க அலையும் நிலை, பெற்றோர் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தால் தவிர்க்கக்கூடியதாயிருந்த ஒன்று.

தந்தை வெளிநாட்டவராயிருப்பினும் தாய் இலங்கையராயின் பிள்ளைக்குப் பிரசாவுரிமை உண்டு. திருமணத்துள் பிறந்த பிள்ளைகளுக்கு 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரை தந்தை வழியே கருதப்பட்டது. அத்திருத்தம் தாய்க்கும் சம உரிமை வழங்கியது. திருமணமின்றிப் பிறந்த குழந்தையோடு நிற்கும் தாய்மார் வெட்கத்தாலும் கைதாகும் அச்சத்தாலும் தூதரகத்தை அணுகாதிருப்பதுண்டு. அவர்களின் குழந்தைக்கும் இந்நாட்டுப் பத்திரத்தில் அதே உரிமை இருக்கிறது. ஊரார் வாயை எண்ணி அந்த உரிமையை விட்டுவிடக்கூடாது. ஊராரும், வந்து சேரும் தாயிடம் கேட்கவேண்டியது குழந்தைக்குப் பத்திரம் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியை மட்டுமே.

பதிவு நடைபெறும் ஒழுங்கு இது: வைத்தியசாலை தரும் பிறப்பு அறிவித்தலைக் கொண்டு அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் பிறப்புச் சான்றிதழும், அதன்மீது அந்நாட்டு வெளிவிவகார அமைச்சின் உறுதிப்படுத்தலும் பெறப்பட்டு, பின்னர் இலங்கைத் தூதரகத்தில் 1981 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கொன்சியூலர் பணிகள் சட்டத்தின் கீழ்ப் பிறப்பு பதியப்படுகிறது. பிறப்பைப் பதிவதும் பிரசாவுரிமையைப் பதிவதும் இரு வேறு பதிவுகள் என்பது பலரும் தவறவிடும் நுட்பம். முன்னையது பதிவாளர் நாயகம் திணைக்களத்தோடும் பின்னையது குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தோடும் தொடர்புடையது. இரண்டின் சான்றிதழ்களும் கையில் இருக்கவேண்டும். தூதரகம் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்களையும் விவாகச் சான்றிதழையும் கேட்குமாதலால், ஊரிலுள்ள உறவினர் அவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பெற்று முன்கூட்டியே அனுப்பிவைக்கவேண்டும். அங்கு நிகழ்ந்த விவாகமும் மரணமும் இவ்வாறே தூதரகத்தில் பதியத்தக்கவை. பாடசாலை சென்ற பிள்ளையாயின் விடுகைப் பத்திரமும் தடுப்பூசி அட்டையும் சேர்த்து எடுக்கப்படவேண்டும்.

அரபு மொழிப் பத்திரம் எதுவாயினும், அது இலங்கையில் ஏற்கப்படுவதற்கு அந்நாட்டு வெளிவிவகார அமைச்சின் முத்திரையும் அதன்மேல் இலங்கைத் தூதரகத்தின் முத்திரையும், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் வேண்டும். முதல் முத்திரை இல்லாமல் இரண்டாவது கிடைப்பதில்லை. முதலாவதோ அந்நாட்டில் மட்டுமே கிடைப்பது. தமிழ்ப் பெயர்கள் அரபு எழுத்துக்குச் சென்று ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது உருமாறிவிடுகின்றன என்பதால், கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கூட்டலை அமைக்குமாறு மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுத்துக் கேட்கவேண்டும். அந்நாட்டுப் பொலிஸ் நற்சான்றிதழ், மீண்டும் வேறொரு நாட்டுக்குச் செல்ல எண்ணுவோருக்குத் தேவைப்படும். விரலடையாளம் கோரப்படுவதனால் அதுவும் அங்கிருந்தே எடுக்க எளிது.

தீராத சம்பள வழக்கோடு திரும்ப நேர்பவர், வழக்கைத் தொடர்ந்து நடத்த ஒருவருக்கு அதிகாரம் வழங்கும் பத்திரத்தை, அதாவது அற்றோணித் தத்துவத்தை, புறப்படுமுன் அந்நாட்டு நொத்தாரிசு முன்னிலையில் முடித்துவிட்டு வரவேண்டும். வழக்கு இலக்கமும் முறைப்பாட்டுப் பிரதியும் கையில் இருக்கவேண்டும். இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்த காலத்தில் ஊர்க் காணியையும் வங்கிக் கணக்கையும் பார்த்துக்கொள்ள அண்ணனுக்கோ மைத்துனருக்கோ அற்றோணித் தத்துவம் வழங்கியவர்கள், திரும்பியதும் அது தானாக முடிந்துவிடுவதாக எண்ணுகிறார்கள். இரத்துச் செய்து, அந்த இரத்தையும் பதிவுசெய்யும்வரை அது பெரும்பாலும் உயிரோடிருக்கும். உறவு நல்லவிதமாயிருக்கும்போதே இரத்துச் செய்வதால் எவர் மனமும் நோகாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்ட காணிகளில், வழக்கில் பேர்மிட் காணிகளில், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் இதனோடு பார்த்துவிடவேண்டும்.

பணத்துக்கும் பத்திரம் வேண்டும். உண்டியல் மூலம் அனுப்பிய பணம் வீட்டை வந்தடைந்திருக்கலாம். ஆனால் அது உழைத்த பணம் என்று சொல்லும் ஒரு தாள்கூட அதனோடு வந்திருக்காது. வங்கி வழியே அனுப்பியவரிடம் ஆண்டாண்டான பதிவு இருப்பதால், தொழில் தொடங்கக் கடன் கேட்கும்போது அது சாட்சியாகிறது. எஞ்சியுள்ள சேமிப்பை 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு, அங்குள்ள கணக்கை மூடுமுன்னரே மாற்றிவிடவேண்டும். கணக்கை மூடியதாகவும் கடன் எதுவும் இல்லையென்றும் வங்கி தரும் கடிதத்தைத் தவறாமல் வாங்கவேண்டும்.

பணிச் சான்றிதழைச் சம்பளம் வாங்கும் அக்கறையோடு கேட்பவர் குறைவு. வெல்டிங்கிலோ சமையலிலோ கனரக வாகனத்திலோ பெற்ற அனுபவத்தைக் காட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு இலங்கையில் விண்ணப்பிக்கலாம். அதற்குத் தொழிலின் பெயரும் காலமும் குறிக்கப்பட்ட சான்றிதழ் துணைசெய்யும். சவூதிச் சட்டத்தில் அதைக் கட்டணமின்றி வழங்குவது தொழில் வழங்குநரின் கடமை. கேட்காமல் விட்டதைத் தேடித் தரும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு: தென்கொரியாவில், வெளிநாட்டுத் தொழிலாளிக்கான புறப்பாட்டுக் காப்புறுதியைக் கோராமல் சென்றவர்களை அரச நிறுவனமே தேடிப் பணம் சேர்ப்பிக்கிறது. வளைகுடாவில் அவ்வாறு தேடிவருவார் எவரும் இல்லை.

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்து சென்றோருக்குக் காப்புறுதியும், பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வாய்ப்பும் உண்டு. அவை பதிவு செல்லுபடியாகும் காலத்தோடு பிணைந்தவை. அந்தக் காப்புறுதியைக் கோருவதற்கு, நோயோ விபத்தோ காரணமாகத் திரும்புவோர் வைத்திய அறிக்கைகளின் மூலப் பிரதிகளை அங்கிருந்தே கொண்டுவரவேண்டும். சிறுபிள்ளைகளின் தாய்மாருக்கு 2013 இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை நிபந்தனையைத் தவிர்க்க, உல்லாசப் பயண விசாவில் ஏஜென்சி வழியே சென்ற பெண்கள் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். பதிவில்லாமை குற்றவுணர்வுக்குரியதன்று, அவர்களும் தூதரகத்தை நாடலாம், பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

வீட்டிலிருப்போர் இப்போதே தொடங்கக்கூடிய வேலைகளும் உள. திரும்பவிருப்பவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இன்னும் இருக்கிறதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். வதிவிடத்தை நிரூபிக்கவும் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கவும் அது கேட்கப்படும். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளை எடுத்து, அவற்றிலுள்ள பெயர்களைக் கடவுச்சீட்டின் படத்தோடு ஒப்பிட்டு, முரண் இருந்தால் சத்தியக்கடதாசிக்கோ திருத்தத்துக்கோ ஏற்பாடு செய்யலாம். பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். வாகரையில் அவரைச் சந்திக்கக்கூடிய நாளை விசாரித்து, எந்தெந்தப் பத்திரம் தேவை என்று கேட்டெழுதி, அப்பட்டியலின் படத்தை வெளிநாட்டிலிருப்பவருக்கு அனுப்பிவைத்தால், விமானச்சீட்டின் திகதியை அதன் பின்னர் அவர் தீர்மானித்துக்கொள்ளலாம்.